வானநூல் வகுப்பில் என்ன நடக்கும்?

பள்ளியில் வானநூல் வகுப்பொன்று தொடங்கவிருக்கின்றது என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டால் போதும். பெயர் கொடுக்க வரும் மாணவர்களுக்குக் குறைவிராது. சனிக் கோளின் வளையத்தைப் பார்க்கலாம், கருந்துளையைப் பற்றிக் கேட்கலாம், அண்டத்தின் தோற்றத்தை அறியலாம் என்று ஆளுக்கோர் ஆவலுடன் வருவார்கள். மூன்றாம் வாரம் முடிவதற்குள் அக்கூட்டத்தில் ஒரு பகுதி கரைந்து போவதும் உண்டு. கருந்துளையைப் பற்றிக் கேட்க வந்தவனிடம் ஆசிரியர் ஒரு கோலையும் அளவுநாடாவையும் கொடுத்து, “முற்றத்துக்குச் சென்று இதன் நிழலை அளந்து வா” என்கிறார். அவன் மனம் வாடுவது இயல்பே. முன்கூட்டியே யாரேனும் சொல்லியிருந்தால் அவன் ஒருவேளை வகுப்பை விட்டுப் போயிருக்கமாட்டான். அப்படிச் சொல்லி வைப்பதே இந்தப் பேச்சின் நோக்கம்.

நம் நாட்டுப் பள்ளிகளில் வானநூல் பெரும்பாலும் தனிப் பாடமாக இல்லை. அறிவியலிலும் நிலநூலிலும் சில பக்கங்களாக அது ஒதுங்கி நிற்கின்றது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் அதனை விருப்பப் பாடமாகக் கற்பிக்கிறார்கள். இங்கிலாந்தில் 16 வயதை ஒட்டிய மாணவர்கள் எழுதும் பொதுத் தேர்வில் வானநூலுக்கும் இடம் உண்டு. 2017ஆம் ஆண்டில் திருத்தி அமைத்த பாடத்திட்டத்தின்படி அதற்கு இரண்டு வினாத்தாள்கள். முதல் தாள் வெறுங்கண்ணால் அறியும் வானநூல். இரண்டாம் தாள் தொலைநோக்கியால் அறியும் வானநூல். பாடத்தில் பாதிக்குத் தொலைநோக்கியே வேண்டா என்பதை இதிலிருந்து அறியலாம். கருவி இல்லாமையால் எங்கள் பள்ளியில் வானநூல் நடத்த முடியவில்லை என்று கூறுவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

முதலில் அந்தக் கோலுக்கு வருவோம். சமதரையில் ஒரு மீட்டர் உயரமுள்ள கோலைச் செங்குத்தாக நடுகிறோம். இரவும் பகலும் சமமாக வரும் மார்ச்சு மாதம் 20ஆம் நாளை ஒட்டி, ஞாயிறு உச்சத்தைக் கடக்கும் நேரத்தில், சென்னையில் அதன் நிழல் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் இருக்கும். அதே நாளில் கன்னியாகுமரிப் பள்ளியொன்றில் அதே உயரமுள்ள கோலின் நிழல் 14 சென்டிமீட்டர்தான் இருக்கும். இந்த அளவுகளைக் கோணங்களாக மாற்றினால் சென்னையில் 13 பாகையும் கன்னியாகுமரியில் 8 பாகையும் கிடைக்கின்றன. வேறுபாடு 5 பாகை. முழு வட்டமாகிய 360 பாகையில் 5 பாகை என்பது 72இல் ஒரு பங்கு. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே நேர் வடக்குத் தெற்காக உள்ள தொலைவு ஏறத்தாழ 555 கிலோமீட்டர். அதனை 72ஆல் பெருக்கினால் 39,960 கிலோமீட்டர். நாம் வாழும் பூமியின் சுற்றளவு இதுதான்! ஒரு கோல், ஓர் அளவுநாடா, மற்றோர் ஊரில் நம்பத்தக்க ஒரு நண்பன், இவ்வளவே செலவு. இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் எகிப்தில் எரதாஸ்தனிஸ் என்னும் கிரேக்க அறிஞர் சயீனி, அலெக்சாந்திரியா என்ற இரண்டு ஊர்களை வைத்து இதையே செய்தார். அவருக்குக் கிடைத்த கோணம் வட்டத்தில் 50இல் ஒரு பங்கு.

அந்தக் கோலை எடுத்துவிடாமல் ஏப்ரல் மாதத்தின் இறுதிவரை வைத்திருந்தால் மற்றொன்றையும் காணலாம். ஏப்ரல் 24ஆம் நாளை ஒட்டிச் சென்னையில் நண்பகலில் கோலுக்கு நிழலே இராது. அதன் பிறகு நிழல் தெற்கே சாயத் தொடங்கும். ஆகஸ்டு 18ஆம் நாளை ஒட்டி மீண்டும் ஒருமுறை நிழல் மறைந்து, பின்னர் வடக்கே திரும்பும். ஞாயிறு எப்போதும் தெற்குப் பக்கமாகவே உச்சத்தைக் கடக்கும் என்று எழுதியுள்ள மேல்நாட்டுப் புத்தகத்தை வரிக்கு வரி ஒப்புவிக்கும் மாணவனுக்கு, தன் பள்ளி முற்றத்திலேயே அதனை மறுக்கும் சான்று ஒன்று நின்றுகொண்டிருக்கின்றது.

வகுப்பில் அடுத்தபடியாக எதிர்பார்க்க வேண்டியது, நமக்குத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பவை கலைந்து போவது. 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்துப் பட்டமளிப்பு விழா நாளன்று ஒரு சோதனை நடந்தது. பருவங்கள் ஏன் மாறுகின்றன, திங்கள் ஏன் தேய்ந்து வளர்கின்றது என்னும் இரண்டு வினாக்களில் ஒன்றைப் பட்டதாரிகள், பேராசிரியர்கள், பழைய மாணவர்கள் ஆகியோரில் 23 பேரிடம் கேட்டுப் படம் பிடித்தார்கள். 21 பேர் தவறான விடையே கூறினார்கள். அதையும் மிகுந்த உறுதியோடு கூறினார்கள். பூமி ஞாயிற்றுக்கு அருகில் செல்லும்போது கோடை வருகின்றது என்பது அவர்களுள் பலரின் எண்ணம். உண்மையில் பூமி ஞாயிற்றுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். அப்போது தொலைவு 14 கோடியே 71 இலட்சம் கிலோமீட்டர். நமக்கு அது மார்கழிக் குளிர். ஜூலைத் தொடக்கத்தில் அத்தொலைவு 15 கோடியே 21 இலட்சம் கிலோமீட்டராகின்றது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதே பருவங்களுக்குக் காரணம், தொலைவு அன்று.

திங்களின் தேய்வுக்குப் பூமியின் நிழலே காரணம் என்பது நம்மிடையிலும் பரவலாக உள்ள பிழை. இதனைப் புத்தகம் இல்லாமலே தீர்த்துக்கொள்ளலாம். வளர்பிறை எட்டாம் நாளை ஒட்டி மாலையில் வெளியே வந்து பாருங்கள். ஞாயிறு மேற்கே மறைந்துகொண்டிருக்கும். பாதித் திங்கள் தலைக்கு மேலே நிற்கும். பூமியின் நிழல் எப்போதும் ஞாயிற்றுக்கு நேர் எதிர்ப்புறம்தான் விழும். அந்த மாலையில் அது கீழ்வானப் பக்கமாக நீண்டிருக்க வேண்டும். தலைக்கு மேலுள்ள திங்களை அந்த நிழல் எப்படி மறைக்கும்? ஞாயிற்றின் ஒளி படும் பாதியை நாம் பக்கவாட்டில் நின்று பார்க்கிறோம், அவ்வளவே. நிழல் உண்மையாகவே படும் நாளும் உண்டு. அது முழுநிலா நாளில் வரும் சந்திர கிரகணம்.

இதனாலேயே நல்ல ஆசிரியர்கள் முதல் மாதத்தில் நாள்தோறும் திங்களைப் பார்த்துக் குறிப்பேட்டில் வரைந்து வரச் சொல்கிறார்கள். மாணவர்கள் எளிதென்று எண்ணி ஏற்றுக்கொண்டு, பத்தாம் நாளிலே சலித்துப் போகும் வேலை இது. திங்கள் நாள்தோறும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து எழுகின்றது. ஆகவே, மாலையில் பார்த்துக்கொண்டிருந்தவன் பின்னர் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் எழ நேரிடுகின்றது. ஆனால் பொறுத்தவனுக்குப் பயன் உண்டு. விண்மீன்களின் நடுவே திங்கள் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 13 பாகை கிழக்கே நகர்ந்து, 27 நாளும் சில மணி நேரமும் கழித்துப் பழைய விண்மீனிடமே திரும்புவதை அவன் தன் கையால் வரைந்த படத்திலேயே காண்பான். நம் முன்னோர் திங்களின் பாதையை 27 நட்சத்திரங்களாகப் பகுத்ததன் காரணம் அப்போது யாரும் சொல்லாமலே விளங்கும். கார்த்திகை, உரோகிணி, சித்திரை, கேட்டை என்பவை பஞ்சாங்கத்தின் பெயர்களாக மட்டும் இல்லாமல், வானில் விரல் நீட்டிக் காட்டக்கூடிய இடங்களாகிவிடும்.

இந்தக் குறிப்பேட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. பிள்ளைகள் பொய் எழுதிவிடுவார்கள். தீய எண்ணத்தால் அன்று. தூங்கிப்போன நாளின் கட்டம் வெறுமையாக இருக்கலாகாதே என்பதற்காக, முதல் நாள் படத்தையும் அடுத்த நாள் படத்தையும் பார்த்து நடுவே ஒன்றை வரைந்து நிரப்பிவிடுவார்கள். ஊரெங்கும் மழை கொட்டிய இரவிலும் சில ஏடுகளில் பிறை தெளிவாக ஒளி வீசும்! வானநூலில் “மேகம்; காணவில்லை” என்பதும் ஒரு பதிவுதான். அப்படி எழுதப் பழகாத கை, பின்னாளில் ஆய்வுக்கூடத்திலும் வெறுமையான கட்டங்களை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

தொலைநோக்கி வரும் இரவைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடவேண்டும். நாளிதழ்களிலும் திரைகளிலும் நாம் காணும் நிறம் கொழிக்கும் விண்முகிற் படங்கள் நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்து எடுத்தவை. அவற்றுட் பல கண்ணுக்குப் புலனாகாத கதிர்களையும் நிறமாக மாற்றிக் காட்டுபவை. மங்கிய ஒளியில் நம் கண் நிறத்தை உணராது. ஆகவே பள்ளித் தொலைநோக்கியில் ஆந்திரமேடா விண்மீன் மண்டலம் கண்ணாடியில் மூச்சுவிட்டதுபோன்ற சாம்பல் நிறக் கறையாகவே தோன்றும். “இதற்காகவா இவ்வளவு நேரம் வரிசையில் நின்றோம்?” என்று கேட்டுவிட்டுப் போவோர் உண்டு. அந்தக் கறை 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது என்பதையும், இப்போது கண்ணைத் தொட்ட ஒளி மனித இனம் இன்றைய வடிவை அடைவதற்கு நெடுங்காலம் முன்பே புறப்பட்டது என்பதையும் அறிந்தவன் மட்டும் மீண்டும் வரிசையின் கடைசியில் போய் நிற்கிறான். சனியின் வளையம் மட்டும் எவரையும் ஏமாற்றுவதில்லை. சிறியதாகத்தான் தெரியும், ஆயினும் முதன்முறை பார்ப்பவர் வாயிலிருந்து ஏதேனும் ஓர் ஒலி எழாமல் இருப்பதில்லை.

நகரத்து மாணவர்களுக்கு ஒரு சொல். தெருவிளக்கும் விளம்பர விளக்கும் சேர்ந்து வானத்தை வெளுக்கச் செய்துவிட்டமையால், பால்வீதியைப் பார்த்தே இராத பிள்ளைகள் இன்று மிகுதி. திங்களையும் கோள்களையும் ஒளிமிக்க விண்மீன்களையும் நகரிலிருந்தே பயிலலாம். மற்றவற்றுக்கு ஊரை விட்டு வெளியேறத்தான் வேண்டும். சவ்வாது மலையில் காவலூரை வானாய்வுக்குத் தேர்ந்தெடுத்ததும் இருளை நாடியே. அங்கே 1986ஆம் ஆண்டில் நிறுவிய பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர் அகலமுடையது.

இனி, பலர் அஞ்சும் பகுதியாகிய கணக்கு. வானநூல் வகுப்பில் கணக்கு உண்டா என்று கேட்டால், உண்டு, ஒளித்துப் பயனில்லை. ஆனால் பெரும்பாலும் விகிதம், பத்தின் அடுக்குகள், சிறிதளவு கோணவியல், மடக்கை ஆகியவையே. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். விண்மீன்களின் ஒளியைப் பண்டைக் கிரேக்கர்கள் ஆறு தரங்களாகப் பிரித்தார்கள். மிக ஒளியுள்ளவை முதல் தரம். கண்ணுக்கு எட்டும் எல்லையில் நிற்பவை ஆறாம் தரம். கண்மதிப்பாக இருந்த இந்த முறைக்கு 1856இல் நார்மன் பாக்சன் என்னும் ஆங்கிலேயர் கணக்கின் உறுதியைத் தந்தார். முதல் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் இடையே ஒளி சரியாக 100 மடங்கு வேறுபடும் என்று வைத்துக்கொள்வோம் என்றார். இடையே உள்ள படிகள் ஐந்து. ஆகவே தன்னைத் தானே ஐந்து முறை பெருக்கிக்கொண்டால் 100 ஆகும் எண்ணே ஒரு படியின் அளவு. அது ஏறக்குறைய 2.512. இன்றும் உலகெங்கும் வானநூலார் இதே ஏணியில்தான் ஒளியை அளக்கிறார்கள். பாக்சன் 1861இல் சென்னை வானாய்வுக்கூடத்தின் தலைவராக வந்தார். அவ்வாண்டிலேயே இங்கிருந்து சிறுகோள் ஒன்றைக் கண்டு அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். முப்பது ஆண்டுகள் பணியாற்றி 1891இல் சென்னையிலேயே காலமானார். அவர்கீழ்ப் பணியாற்றிய இரகுநாதாச்சாரியார் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். மடக்கைக் கணக்கில் தடுமாறும் சென்னை மாணவன், அந்தக் கணக்கை வகுத்தவர் தன் ஊரின் நுங்கம்பாக்கத்தில் இரவுகளைக் கழித்தவர் என்று அறிந்தால் சிறிது தெம்பு பெறக்கூடும்.

விண்மீன்களின் தொலைவை அளக்கும் பாடத்தில் கணக்கைவிடக் கற்பனைக்கே கடினம். ஒரு கண்ணை மூடி விரலைப் பார்த்து, பின் மறு கண்ணை மூடிப் பார்த்தால் விரல் இடம் பெயர்வது போலத் தோன்றும். பூமி தன் பாதையின் ஒரு கோடியிலிருந்து ஆறு மாதத்தில் மறுகோடிக்குச் செல்லும்போது அருகிலுள்ள விண்மீன்களும் அவ்வாறே மிகச் சிறிது பெயர்ந்து தோன்றுகின்றன. இந்தப் பெயர்ச்சியை 1838இல் பெசல் என்னும் செர்மானியர் நம்பத்தக்க வகையில் அளந்து வெளியிட்டார். ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கை விகலை என்கிறோம். ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள சட்டைப் பொத்தானை 2 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் அது எவ்வளவு சிறிதாகத் தோன்றுமோ அவ்வளவே ஒரு விகலை. பெசல் அளந்தது அதிலும் மூன்றில் ஒரு பங்கு! நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனுக்குக்கூட இந்தப் பெயர்ச்சி ஒரு விகலையை எட்டுவதில்லை. 2013இல் ஐரோப்பியர் விண்ணில் ஏவிய கையா என்னும் கலம், 2025 ஜனவரியில் தன் அளவைப் பணியை முடிப்பதற்குள் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் தொலைவுகளை இந்த முறையிலேயே அளந்துவிட்டது.

ஆனால் வகுப்பின் உச்சம் என்று நான் கருதுவது நிறமாலைப் பாடத்தை. அடுப்பில் உப்பிட்ட ரசம் பொங்கி வழிந்தால் நீலச் சுடர் மஞ்சளாகின்றது அன்றோ? அது உப்பிலுள்ள சோடியத்தின் கையெழுத்து. ஒவ்வொரு தனிமத்துக்கும் இவ்வாறு தனக்கே உரிய ஒளிக்கோடுகள் உண்டு. 1859இல் கிர்க்காப், புன்சென் என்னும் இருவர் இதனை நிலைநாட்டினர். விண்மீன்கள் எப்பொருளால் ஆனவை என்பதை மனிதன் ஒருபோதும் அறிய இயலாது என்று பிரஞ்சுத் தத்துவ அறிஞர் கோம்த் எழுதி அப்போது கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நம் நாட்டில் தெரிந்தது. அதனைக் காணப் பல நாட்டு அறிஞர்கள் வந்தனர். பிரஞ்சு அறிஞர் சான்சன் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் கருவியுடன் நின்றார். ஞாயிற்றின் விளிம்பொளியில் அந்த ஆண்டில் கண்ட ஒரு மஞ்சள் கோடு பூமியில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. அதற்கு ஞாயிற்றின் கிரேக்கப் பெயரைக் கொண்டு ஹீலியம் என்று பெயரிட்டார்கள். பூமியில் அது அகப்பட்டது 1895இல்தான்.

கோடுகளைக் கண்டுவிட்டால் ஒரு விண்மீனில் எது எவ்வளவு உள்ளது என்றும் கூறிவிடலாமா? அப்படித்தான் முதலில் எண்ணினார்கள். ஞாயிற்றின் நிறமாலையில் இரும்பின் கோடுகள் மிகுதி. எனவே ஞாயிறும் ஏறக்குறைய பூமியைப் போன்ற பொருள்களாலேயே ஆனது என்று முடிவு கட்டினார்கள். 1920இல் மேகநாத சாகா என்னும் நம் நாட்டு இளைஞர் இந்த எண்ணத்தின் அடித்தளத்தை அசைத்தார். வெப்பம் மிகுந்தால் அணுக்கள் தம் எலெக்ட்ரான்களை இழக்கின்றன; அந்நிலையில் அவற்றின் கோடுகளும் மாறிவிடுகின்றன. ஆகவே ஒரு கோட்டின் வலிமை பொருளின் அளவை மட்டுமன்றி வெப்பநிலையையும் பொறுத்தது என்று காட்டி, அதற்குரிய சமன்பாட்டையும் தந்தார். அந்தச் சமன்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஹார்வர்டு வானாய்வுக்கூடத்தில் செசிலியா பெயின் என்னும் இளம் பெண் விண்மீன்களின் நிறமாலைகளைக் கணக்கிட்டார். 1925இல் அவருக்குக் கிடைத்த விடை வியப்பானது. விண்மீன்களில் ஹைடிரஜனே பிற யாவற்றையும் விஞ்சி நிற்கின்றது. உலோகங்களைவிடப் பத்து இலட்சம் மடங்கு அளவில் மிகுந்துள்ளது! அக்காலத்தில் இத்துறையின் தலைவராக மதிக்கப்பட்ட ரசல் என்னும் பேராசிரியர் இது நடக்க இயலாதது என்று எழுதினார். இருபத்தைந்து வயதுப் பெண் என்ன செய்வார்? தம் கணக்கைத் திருத்தவில்லை; எண்களை அப்படியே அச்சிட்டார். ஆனால், இந்த மிகுதி அநேகமாக உண்மையாக இராது என்று ஒரு வாக்கியத்தையும் பக்கத்திலே எழுதி வைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1929இல், வேறு வழியில் கணக்கிட்ட ரசலே அதே முடிவுக்கு வந்து பெயினின் பணியையும் குறிப்பிட்டார். ஞாயிற்றின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஹைடிரஜன் என்று இன்று பாடநூல்கள் கூறுகின்றன. மழை பெய்த இரவில் பிறையை வரைந்தவனுக்கும், தமக்கே நம்பிக்கை அளிக்காத எண்களை மாற்றாமல் பதித்த பெயினுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை வகுப்பில் ஒருநாள் பேசிப் பார்க்கலாம். நல்ல விவாதமாக இருக்கும்.

சோதிடம் கற்கலாம் என்று எண்ணி வருவோர் சிலர் உண்டு. அவர்களுக்கு இங்கே பலன் எதுவும் சொல்லமாட்டார்கள். ஆயினும் ஞாயிற்றின் வடசெலவு டிசம்பர் 21ஆம் நாளை ஒட்டித் தொடங்க, நாம் அதனைத் தை முதல் நாளில் ஏன் கொண்டாடுகிறோம் என்பதற்கு விடை கிடைக்கும். பூமியின் அச்சு சுழலும் பம்பரத்தைப் போல மெல்லத் தலையாட்டி, 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை விகிதம் விலகுகின்றது. பஞ்சாங்கம் விண்மீன்களைப் பின்பற்றுகின்றது. பருவங்களோ அச்சைப் பின்பற்றுகின்றன. பதினேழு நூற்றாண்டுகளில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 24 பாகை இடைவெளி விழுந்துவிட்டது.

கோலை நட்டு நிழலை அளக்க விரும்பும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஞாயிற்றை நேராகவோ தொலைநோக்கி வழியாகவோ ஒருபோதும் பார்க்கலாகாது. நிழலை மட்டும் பாருங்கள். கடிகாரத்தில் 12 மணி அடித்ததும் ஓடிப்போய் அளப்பதிலும் பயனில்லை. நம் கடிகாரங்கள் கிழக்கே 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுபவை. சென்னை அதற்கு மேற்கே உள்ளமையால் ஞாயிறு இங்கு உச்சத்துக்கு வருவது சராசரியாக 12 மணி 9 நிமிடத்தில். பிப்ரவரியில் அது 12 மணி 23 நிமிடம்வரை தள்ளிப் போகும். நவம்பர்த் தொடக்கத்தில் 11 மணி 53 நிமிடத்துக்கே வந்துவிடும். கன்னியாகுமரியில் இவை ஒவ்வொன்றுடனும் 11 நிமிடத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே முற்பகல் 11 மணி 40 நிமிடம் முதல் 12 மணி 45 நிமிடம்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு புள்ளி வையுங்கள். மிகக் குறுகிய நிழல் எதுவோ அதுவே உங்கள் ஊரின் நண்பகல்.